பட்டன் போன் காலத்தைப் பற்றிக் கேட்டீர்கள்

"ஸ்மார்ட்போன் வருவதற்கு முன்னால் மொபைல் எப்படி இருந்தது? பேசுவதைத் தவிர அதில் என்னதான் செய்தீர்கள்? ஒரு வாரம் சார்ஜ் நிற்கும், கீழே போட்டாலும் உடையாது என்று அப்பா சொல்கிறார், நிஜமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். 2002-லிருந்து பத்து வருடம் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் செல்போன் சர்வீஸும் ரீசார்ஜும் பார்க்கிற சின்னக் கடை வைத்திருந்தேன். ஆயிரக்கணக்கான போன்களைத் திறந்து மூடியிருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

போனின் உடம்பைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் காசைப் பற்றிப் பேசியாக வேண்டும். ஒரு நிமிடம் என்ன விலை, ஒரு எழுத்து என்ன விலை என்பது தெரியாவிட்டால், அன்றைக்கு ஜனங்கள் போனை ஏன் அப்படிப் பிடித்தார்கள், ஏன் அப்படிப் பேசினார்கள் என்பது விளங்காது.

இந்தியாவில் முதல் மொபைல் அழைப்பு 1995 ஜூலை 31 அன்று நடந்தது. கல்கத்தா ரைட்டர்ஸ் பில்டிங்கில் இருந்த மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதி பாசு, டெல்லியில் இருந்த மத்தியத் தொலைத்தொடர்பு அமைச்சர் சுக் ராமிடம் பேசினார். இலங்கை நமக்கு முந்திவிட்டது. 1989-லேயே அங்கே செல்டெல் என்ற மொபைல் கம்பெனி வந்துவிட்டது, தெற்காசியாவிலேயே அதுதான் முதல். நம் ஊரில் ஆரம்பத்தில் நெரிசல் நேரத்துக்கு நிமிடத்துக்கு 16 ரூபாய்க்கு மேல் போனது. அதைவிடப் பெரிய விஷயம், நமக்கு வருகிற அழைப்பை எடுத்தாலும் காசு. யாரோ நம்மைக் கூப்பிட்டால் நம் பாக்கெட்டிலிருந்தும் பணம் போகும். அதனால் மணி அடித்தால் முதலில் நம்பரைப் பார்ப்பார்கள், கட் பண்ணுவார்கள், பக்கத்து எஸ்டிடி பூத்துக்கு நடந்து போய் அங்கிருந்து கூப்பிடுவார்கள். கையில் மொபைலை வைத்துக்கொண்டு பூத்தில் வரிசையில் நின்றவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

சென்னையில் அப்போது மொபைல் சேவை தந்த கம்பெனிகள் ஆர்பிஜியும் ஸ்கைசெல்லும். மற்ற தமிழ்நாட்டில் பிபிஎல், ஏர்செல். சென்னை ஒரு தனி வட்டம், மீதித் தமிழ்நாடு இன்னொரு வட்டம். கோவில்பட்டியில் வாங்கிய சிம்மோடு சென்னைக்குப் போய் இறங்கினால் ரோமிங். சொந்த மாநிலத்தின் தலைநகரத்தில் நின்றுகொண்டு, வருகிற அழைப்புக்கும் காசு கட்டுகிற நிலை. எழும்பூரில் இறங்கியதும் போனை அணைத்துவிட்டு, ஊர் திரும்பியதும் போடுகிறவர்கள் நிறையப் பேர்.

நிலைமை மாறியது 2002, 2003-இல். 2002 அக்டோபரில் பிஎஸ்என்எல் செல்ஒன் வந்தது. டிசம்பரில் ரிலையன்ஸ் வந்தது. 2003-இல் வருகிற அழைப்பு இலவசம் என்று ஆனது. அதே வருடம் ரிலையன்ஸ், 501 ரூபாய் கட்டினால் கையில் போன், மீதியை மாதாமாதம் கட்டலாம் என்று சொல்லிக் கொடுத்தது. அது சிடிஎம்ஏ என்ற வேறு தொழில்நுட்பத்தில் ஓடுகிற போன், அதில் சிம் கார்டே கிடையாது. நம்பர் போனுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும். போன் பழுதானால் சிம்மைக் கழற்றி இன்னொன்றில் போட்டுக்கொள்ள வழியில்லை. ஆனாலும் கொத்தனார், மெக்கானிக், லாரி டிரைவர் கைக்கெல்லாம் போன் வந்தது அந்த வருடத்தில்தான். என் கடையில் கூட்டம் வர ஆரம்பித்ததும் அப்போதுதான்.

ரீசார்ஜ் என்பது கூப்பன். வெள்ளிப்பூச்சுக்குக் கீழே ரகசிய எண் இருக்கும். காசை வைத்து மெல்லச் சுரண்ட வேண்டும். அவசரப்பட்டு நகத்தால் அழுத்திச் சுரண்டினால் எண்ணும் சேர்ந்து போய்விடும். அப்படிப் பாதி எண் அழிந்த கூப்பனோடு வந்து நிற்பவர்களுக்காகவே ஒரு பூதக்கண்ணாடி வைத்திருந்தேன். பிறகு ஈசி ரீசார்ஜ் வந்தது, பத்து ரூபாய்க்கும் போடலாம். பத்து ரூபாய் போட்டால் ஏழு ரூபாய்ச் சொச்சம்தான் பேசக் கிடைக்கும். மீதி வரி, கட்டணம் என்று போய்விடும். வேலிடிட்டி என்று ஒன்று தனியாக உண்டு. காசு மீதம் இருந்தாலும் தேதி முடிந்தால் போன் ஊமை. 2006-ஐ ஒட்டி 999 ரூபாய்க்கு லைஃப்டைம் வேலிடிட்டி கார்டு வந்தபோது, ஆயுள் காப்பீட்டுப் பத்திரம் மாதிரி அதைப் பத்திரமாக மடித்து வைத்தவர்கள் உண்டு. 2006 மார்ச்சில் பிஎஸ்என்எல் நாடு முழுக்க நிமிடத்துக்கு ஒரு ரூபாய் என்றது. 2009-இல் டாடா டோகோமோ நொடிக்கு ஒரு பைசா என்றது. அதுவரை மூன்று நொடி பேசினாலும் ஒரு நிமிடக் காசு.

இந்தக் கணக்கிலிருந்து பிறந்ததுதான் மிஸ்டு கால். ஒரு தடவை அடித்துக் கட் பண்ணினால் "வந்து சேர்ந்துவிட்டேன்". இரண்டு தடவை என்றால் "நீ கூப்பிடு". மூன்று என்றால் அவசரம். எந்தக் கம்பெனியும் இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு அகராதி இருந்தது. ஆட்டோக்காரர் தெருமுனைக்கு வந்ததும் ஒரு மிஸ்டு கால் கொடுப்பார், பிள்ளைகள் பையை எடுத்துக்கொண்டு இறங்குவார்கள். பால்காரர், கேபிள்காரர், தண்ணீர் லாரி, எல்லாருக்கும் இதுதான் அழைப்பு மணி. நெட்வொர்க்கைப் பொறுத்தவரை அழைப்பு எடுக்கப்பட்டால்தான் காசு. மணி அடிக்கிற வரைக்கும் இலவசம். அந்த இலவசமான இடத்துக்குள் ஏழை ஜனம் ஒரு மொழியையே கட்டி எழுப்பியது. நான் இதை மிகப் பெரிய கண்டுபிடிப்பாகத்தான் நினைக்கிறேன்.

ஒன்று சொல்கிறேன். 2008 ஐப்பசி மழை. தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிற ஒரு அம்மா, முந்தானையில் சுற்றிய நோக்கியா 1100-ஐக் கொண்டுவந்து வைத்தார். சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். தினமும் ராத்திரி ஒன்பது மணிக்கு அவனிடமிருந்து ஒரு மிஸ்டு கால் வரும். அவ்வளவுதான், பேச்சு எல்லாம் ஞாயிற்றுக்கிழமை மட்டும்.

"நாளைக்கு வாங்க தாயி, காயணும்" என்றேன்.

"ஒம்பது மணிக்கு அது அடிக்கணும் அண்ணாச்சி. அடிக்கலன்னா எனக்குத் தூக்கம் வராது."

டி6 ஸ்க்ரூ டிரைவரால் மரைகளைக் கழற்றி, பேனலைப் பிரித்து, போர்டைத் தனியாக எடுத்தேன். சார்ஜிங் பின்னைச் சுற்றிப் பச்சை பிடிக்க ஆரம்பித்திருந்தது. பல் துலக்கும் பிரஷ்ஷை ஐபிஏ என்கிற, போர்டு துடைக்கும் ஆல்கஹாலில் நனைத்துத் தேய்த்து, ஹாட் ஏர் கன்னைக் குறைந்த சூட்டில் வைத்து ஐந்து நிமிடம் காட்டினேன். கீபேடுக்குக் கீழே ஒட்டியிருக்கும் டோம் ஷீட்டை உரித்து மாற்றினேன். ரிங்கர் செத்துப்போயிருந்தது. வேறொரு பழைய போர்டிலிருந்து எடுத்துப் போட்டேன். சிம்மைத் துடைத்துச் செருகி ஆன் செய்தபோது இரண்டு கை சேர்கிற அந்தப் படம் வந்தது. எட்டே முக்கால். அந்த அம்மா ஸ்டூலில் உட்கார்ந்து போனை மடியில் வைத்துக்கொண்டார். ஒன்பது மணி தாண்டி ஒன்றிரண்டு நிமிடம் இருக்கும், ஒரே ஒரு தடவை அடித்து நின்றது. திரையைக்கூட அவர் பார்க்கவில்லை. "வாரேன் அண்ணாச்சி" என்று எழுந்து மழைக்குள் போய்விட்டார்.

இனி போனுக்கு வருகிறேன். உலகத்தில் அதிகம் விற்ற போன் எது என்று கேட்டால், 2003-இல் வந்த இந்த 1100-தான், ஏறக்குறைய 25 கோடி. இன்றைக்குப் பலரும் சொல்கிற 3310 அதற்கு மூன்று வருடம் மூத்தது, 2000-இல் வந்தது. அது சுமார் 12.6 கோடி விற்றது. 133 கிராம் எடை. திரையில் அகலவாக்கில் 84 புள்ளி, உயரவாக்கில் 48 புள்ளி, அவ்வளவே. உங்கள் போன் திரையில் ஒரு சின்ன ஐகானுக்கே அதைவிட அதிகப் புள்ளி இருக்கும்.

1100-ஐ நம்மைப் போன்ற நாடுகளின் புழுதியையும் வேர்வையையும் மனதில் வைத்துச் செய்தார்கள். கீபேடு முழுக்க ஒரே ரப்பர் விரிப்பாக இருக்கும், இடுக்கில் தூசி இறங்காது. உச்சியில் ஒரு டார்ச். சி பட்டனை அழுத்திப் பிடித்தால் எரியும். 2008-க்குப் பிறகு தமிழ்நாட்டில் மின்வெட்டு கடுமையாக இருந்த வருடங்களில் இந்த டார்ச்சுக்காகவே 1100-ஐ விடாமல் வைத்திருந்தவர்கள் ஏராளம். வயலுக்கு ராத்திரி தண்ணீர் பாய்ச்சப் போகிறவர்களுக்குப் பேசுவதைவிட டார்ச்தான் முக்கியம். டார்ச் எரியவில்லை என்று மட்டுமே சர்வீஸுக்கு வந்த போன்கள் உண்டு.

சார்ஜ் ஒரு வாரம் நின்றதா? நின்றது. அதிகம் பேசாதவர்களுக்கு நாலைந்து நாள் சர்வ சாதாரணம். பேட்டரி பெரிது என்பதால் அல்ல. 1100-இல் இருந்த பிஎல்-5சி பேட்டரி 850 எம்ஏஎச்தான். இன்றைய போனில் அதைப்போல ஐந்தாறு மடங்கு இருக்கிறது. ரகசியம் வேறு. அந்த போன் பெரும்பாலான நேரம் தூங்கிக்கொண்டே இருக்கும். சிம் போட்ட போன்கள் ஓடிய ஜிஎஸ்எம் நெட்வொர்க்கில் டவர், "உனக்கு அழைப்பு வந்திருக்கிறது" என்று கூப்பிடுவதற்கு ஒவ்வொரு போனுக்கும் ஒரு முறை ஒதுக்கியிருக்கும். அரை நொடியிலிருந்து இரண்டு நொடிக்கு ஒரு தடவை அந்த முறை வரும். போன் அந்தக் கணத்துக்கு மட்டும் காதைத் திறந்து கேட்டுவிட்டு, தன் பெயர் இல்லை என்றால் மறுபடி தூங்கிவிடும். பின்னால் ஓடுகிற ஆப் கிடையாது, நெட் கிடையாது. திரைக்குத் தனி வெளிச்சம் வேண்டாம், பகல் வெளிச்சமே போதும். பச்சை விளக்கு சில நொடியில் அணைந்துவிடும். பிறகு எங்கே போகும் சார்ஜ்?

இதோடு சேர்ந்த இன்னொரு நினைவு. ரேடியோவுக்கோ டிவிக்கோ பக்கத்தில் போன் இருந்தால், மணி அடிப்பதற்கு முன்பே அந்த ஸ்பீக்கரில் "டிக் டிடிக் டிடிக்" என்று ஒரு சத்தம் வரும். வீட்டில் எல்லாரும் "போன் வருது" என்று திரும்பிப் பார்ப்பார்கள். போன் டவருக்குப் பதில் சொல்கிறபோது ஒரே சீராக அனுப்பாமல், நொடிக்கு 217 தடவை விட்டு விட்டு அனுப்பும். அந்த வெட்டு வெட்டான அலை ஸ்பீக்கர் ஒயரில் ஏறிச் சத்தமாகக் கேட்கும். அதே சக்தியில் மினுங்குகிற ஸ்டிக்கர்கள் கூட விற்றோம். போனின் முதுகில் ஒட்டினால், அழைப்பு வரும்போது பேட்டரியே இல்லாமல் சிவப்பும் நீலமுமாக எரியும். திருவிழாக் கடைகளில் அதற்குத் தனிக் கூட்டம்.

கீழே போட்டால் உடையாது என்பது பாதி உண்மை. விழுந்தால் மூடி ஒரு பக்கம், பேட்டரி ஒரு பக்கம், போன் ஒரு பக்கம் தெறிக்கும். விழுந்த வேகம் அப்படிப் பிரிந்து போவதால் உள்ளே அடி குறையும். பொறுக்கிச் சேர்த்தால் வேலை செய்யும். கண்ணாடி கிடையாது, மேலே பிளாஸ்டிக்தான். ஆனால் திரும்பத் திரும்ப விழுந்த 3310-இல் போர்டில் உள்ள சில்லுகளின் ஈயப் பிடிப்பு விட்டுப்போய், திரையில் "காண்டாக்ட் சர்வீஸ்" என்ற வாசகம் வந்து நின்றுவிடும். அந்த இரண்டு சொல்லைப் பார்த்து முகம் வாடிப்போய் வருவார்கள். பெரும்பாலும் சில்லை ஹாட் ஏரில் சூடாக்கி உட்கார வைத்தால் உயிர் வந்துவிடும். இன்றைய போன்களைப் பழுது பார்க்கிற பையன்களிடம் கேட்டுப்பாருங்கள், பசையைச் சூடாக்கிக் கண்ணாடியைப் பிரிப்பதற்கே அரை மணி நேரம். அன்றைக்கு ஸ்க்ரூ டிரைவர், பிரஷ், சால்டரிங் அயர்ன், ஜம்பர் ஒயர், போனுக்குள் மென்பொருளை மறுபடி ஏற்றுகிற ஒரு ஃபிளாஷ் பாக்ஸ் இவ்வளவும் இருந்தால் கடை. பத்தாவது படித்துவிட்டு ஆறு மாதம் கோர்ஸ் முடித்த எத்தனையோ பிள்ளைகளுக்கு அது சோறு போட்டது. ஸ்பேர் வாங்க மதுரை டவுன் ஹால் ரோட்டுக்குப் போவேன். பேனல், ஸ்ட்ரிப், மைக், ரிங்கர், சார்ஜிங் பின், எல்லாம் கிலோக்கணக்கில் கொட்டிக் கிடக்கும்.

போனுக்குச் சொந்தக்காரருக்கு அதன் மூலைமுடுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. *#06# அடித்தால் ஐஎம்இஐ என்கிற, ஒவ்வொரு போனுக்கும் தனியாக உள்ள அடையாள எண் வரும் என்பது பள்ளிக்கூடப் பையனுக்கும் தெரியும். 3310-இல் ரிங்டோனை நாமே எழுதலாம். 1-லிருந்து 7 வரை ஏழு ஸ்வரம், 8-உம் 9-உம் நீளத்தைக் குறைக்கவும் கூட்டவும், நட்சத்திரம் ஸ்தாயி மாற்ற, 0 அடித்தால் மௌனம். நோட்டுப் புத்தகத்தில் எண்களாக எழுதி வைத்து, ஒருவரிடமிருந்து ஒருவர் பார்த்து அடிப்பார்கள். ஒரு கல்லூரிப் பையன் ஒரு மத்தியானம் முழுக்க என் கடை வாசலில் உட்கார்ந்து ஒரு பல்லவியை ஏற்றி முடித்தது நினைவிருக்கிறது. பல்லவி முடிகிற இடத்தில் ஒரு ஸ்வரம் தப்பு என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தான்.

எஸ்எம்எஸ்ஸைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முதல் எஸ்எம்எஸ் 1992 டிசம்பர் 3 அன்று இங்கிலாந்தில் போனது. ஒரு செய்திக்கு 160 எழுத்து என்பது எங்கிருந்து வந்தது? டவரும் போனும் தங்களுக்குள் சமிக்ஞை பரிமாறிக்கொள்கிற வழியில் மிச்சமிருந்த இடத்தில்தான் எஸ்எம்எஸ் பயணம் செய்தது. ஒரு செய்திக்கு 140 பைட் இடம். ஆங்கில எழுத்துக்கு 7 பிட் போதும், அதனால் 160 எழுத்து. தமிழுக்கு ஒவ்வொரு குறிக்கும் 16 பிட் வேண்டும், அதனால் வெறும் 70. அதிலும் புள்ளியும் கொம்பும் தனித்தனிக் கணக்கு. "நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்" என்று மட்டும் கேட்டாலே 29 போய்விடும். அனுப்பினாலும், வாங்குகிற போனில் தமிழ் எழுத்துரு இல்லாவிட்டால் கட்டம் கட்டமாகத் தெரியும். அதனால் தமிழர்கள் தமிழை ஆங்கில எழுத்தில் அடிக்கப் பழகியது இங்கேதான். அந்தப் பழக்கம் இன்றுவரை வாட்ஸப்பில் தொடர்கிறது.

அடிப்பதும் சும்மா இல்லை. ஒரு பட்டனில் மூன்று நாலு எழுத்து. "வணக்கம்" என்பதை ஆங்கில எழுத்தில் அடிக்க 13 தடவை அமுக்க வேண்டும். நடுவில் "க்க" வரும் இடத்தில், முதல் எழுத்து உட்காருகிற வரைக்கும் ஒரு கணம் காத்திருக்க வேண்டும். டி9 என்கிற சொல் ஊகிக்கிற வசதி ஆங்கிலச் சொற்களுக்கு நன்றாக வேலை செய்யும். நம் சொற்களை அதற்குத் தெரியாது, வேறு எதையாவது கொண்டுவந்து நிறுத்தும். அப்படியும், பாக்கெட்டுக்குள் கையை விட்டுப் பார்க்காமலே முழுச் செய்தியை அடித்து அனுப்புகிற பிள்ளைகள் இருந்தார்கள். விரலுக்கு இடம் தெரியும்.

தமிழிலேயே அடிக்க வழி தேடியவர்களையும் சொல்லியாக வேண்டும். மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் "செல்லினம்" என்ற செயலியை உருவாக்கி 2005-இல் சிங்கப்பூரில் வெளியிட்டார். பட்டன் போனில் தமிழ் எழுத்தில் செய்தி அனுப்ப முடிந்தது. ஸ்மார்ட்போனில் இன்று தமிழ் விசைப்பலகை சர்வசாதாரணமாக இருப்பதற்குப் பின்னால் இப்படிப்பட்ட உழைப்பு இருக்கிறது.

தீபாவளி, பொங்கல், புத்தாண்டு அன்றைக்கு எஸ்எம்எஸ் பேக் செல்லாது என்பதும் அன்றைய வழக்கம். மாதம் முழுக்க மலிவாக அனுப்பிவிட்டு, வாழ்த்துச் சொல்ல வேண்டிய நாளில் முழுக் காசு. அதனால் ஜனங்கள் தீபாவளி வாழ்த்தை இரண்டு நாள் முன்னாலேயே அனுப்பிவிடுவார்கள். எனக்கு இதைவிட ஆத்திரம் வந்தது காலர் ட்யூன் விஷயத்தில். ஒரு நிறுவனம், கேட்காமலேயே பாட்டை ஏற்றிவிட்டு மாதம் 30 ரூபாய் பிடித்துக்கொண்டிருந்தது. காலையில் என்னிடம் 30 ரூபாய் ரீசார்ஜ் போட்டுக்கொண்டு போன ஒரு கூலிக்காரர், சாயங்காலம் வந்து "நான் யார்கிட்டயும் பேசவே இல்ல அண்ணாச்சி, காசு எங்க போச்சு?" என்று கேட்டார். நான் எடுத்துக்கொண்டேன் என்று அவர் நினைத்துவிடுவாரோ என்ற வேதனை. கஸ்டமர் கேரில் நாற்பது நிமிடம் தொங்கி அதை எடுக்க வைத்தேன், போன காசு திரும்ப வரவில்லை. இருமுறை சம்மதம் கேட்டுத்தான் இப்படிப்பட்ட சேவையை ஏற்ற வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் விதி கொண்டுவந்தது பிற்பாடுதான்.

காசைப் பிடுங்கியதை மட்டும் சொன்னால் நியாயமாகாது, கொடுத்ததும் உண்டு. வட கேரளக் கடற்கரையில் 1997-லிருந்து 2001-க்குள் டவர்கள் வந்தபோது என்ன நடந்தது என்று ராபர்ட் ஜென்சன் என்ற பொருளாதார அறிஞர் ஆராய்ந்து 2007-இல் வெளியிட்டார். டவரின் வீச்சு கடலுக்குள் இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் போகும். மத்தி மீன் பிடித்துத் திரும்புகிறவர்கள் படகிலிருந்தே ஒவ்வொரு கரைக்கும் போன் போட்டு விலை கேட்டு, எங்கே ஆள் இருக்கிறதோ அங்கே படகைத் திருப்பினார்கள். முன்பெல்லாம் ஒரு கரையில் வாங்க ஆளில்லாமல் மீனைக் கடலில் கொட்டுவார்கள், பக்கத்துக் கரையில் மீனே கிடைக்காது. போன் வந்த பிறகு அது நின்றது. மீனவர் லாபம் சராசரியாக 8% கூடியது, வாங்குகிறவர்களுக்கு விலை 4% குறைந்தது. நெட் இல்லாத, பேச மட்டும் தெரிந்த போன் செய்த வேலை இது.

கேமராவும் மெமரி கார்டும் வந்தது பட்டன் போன் காலத்தின் பின்பாதி. விஜிஏ கேமரா, 640-க்கு 480 புள்ளி. மங்கலாகத்தான் இருக்கும். ஆனால் பல வீடுகளில் தாத்தா பாட்டியின் கடைசிப் படம் அதில்தான் இருக்கிறது. என் கடையில் அப்போது மெமரி கார்டில் பாட்டு ஏற்றுவதுதான் முக்கிய வருமானம். கம்ப்யூட்டரில் நடிகர் வாரியாக, இசையமைப்பாளர் வாரியாக, சாமி பாட்டு தனியாக ஃபோல்டர் வைத்திருப்பேன். ஒரு ஜிபி கார்டு முழுக்க ஏற்றினால் முப்பது ரூபாய். "சோகப் பாட்டா மட்டும் போடுங்க அண்ணாச்சி" என்று தயங்கித் தயங்கிக் கேட்பவர்களிடம் காரணம் கேட்டதில்லை.

அப்போதுதான் சீன போன்கள் வந்து குவிந்தன. இரண்டு சிம், தெருவுக்கே கேட்கிற ஸ்பீக்கர், பாதி விலை. நிறைய போன்களில் ஐஎம்இஐ எண்ணே இருக்காது, இல்லாவிட்டால் எல்லாம் பூஜ்யம். பாதுகாப்புக் காரணத்தைச் சொல்லி, 2009 நவம்பர் 30-க்குப் பிறகு ஐஎம்இஐ இல்லாத போன்களுக்கு இணைப்பைத் துண்டிக்க அரசு உத்தரவிட்டது. முறையான எண்ணைப் பதிந்து கொடுக்க அனுமதி பெற்ற மையங்கள் ஏற்பட்டன. அந்தக் கடைசி வாரம் அங்கேயெல்லாம் ரேஷன் கடை மாதிரி வரிசை. கூலியில் மிச்சம் பிடித்து வாங்கிய போன் விடிந்தால் வெறும் பிளாஸ்டிக் ஆகிவிடும் என்ற பயம் அந்த முகங்களில் தெரிந்தது. இரண்டு வருடம் முன்னால், 2007 ஆகஸ்டில், இதே மாதிரி இன்னொரு பயம். ஜப்பானின் மட்சுஷிதா நிறுவனம் செய்த பிஎல்-5சி பேட்டரிகளில் 4.6 கோடி சூடாகலாம் என்று நோக்கியா அறிவித்தது. அந்த வாரம் முழுக்க ஜனங்கள் பேட்டரியைக் கழற்றிக் கையில் ஏந்தி வந்து, முதுகில் இருக்கும் எண்ணைப் படித்துச் சொல்லச் சொன்னார்கள்.

அந்த நோக்கியாவில் நம் கையும் இருந்தது. ஸ்ரீபெரும்புதூர் ஆலையில் 2006 தொடக்கத்தில் உற்பத்தி ஆரம்பித்தது. அங்கே வேலை பார்த்தவர்களில் பெரும்பகுதி இளம் பெண்கள், கிராமங்களிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து போனவர்கள். நான் கழற்றுகிற போனில் பேட்டரிக்கு அடியில் "மேட் இன் இந்தியா" என்று இருந்தால் அந்தப் பிள்ளைகளை நினைத்துக்கொள்வேன். 2014 நவம்பர் 1-இல் அந்த ஆலை மூடப்பட்டது.

கடைசியாக, "இப்போதும் அந்த போனைப் பயன்படுத்த முடியுமா?" என்று ஒரு வரி கேட்டிருக்கிறீர்கள். முடியும். ஜியோவில் வேலை செய்யாது, அது 4ஜியும் 5ஜியும் மட்டுமே உள்ள நெட்வொர்க். 2ஜி இன்னும் ஓடுகிற ஏர்டெல், விஐ, பிஎஸ்என்எல் சிம் வேண்டும். இப்போதைய சிம் மிகச் சின்னது, அதோடு வருகிற அட்டைச் சட்டத்தில் வைத்துச் செருகிக்கொள்ளலாம். வீட்டுப் பரணில் அப்பாவின் பழைய போன் கிடைத்தால் உடனே சார்ஜ் போடாதீர்கள். முதலில் பேட்டரியைக் கழற்றி மேஜையில் படுக்க வைத்து, விரலால் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். பம்பரம் மாதிரிச் சுற்றினால் வயிறு உப்பிவிட்டது என்று அர்த்தம், அதைப் போடவே கூடாது. புது பிஎல்-5சி இன்றும் கடைகளில் கிடைக்கிறது. உள்ளே இருக்கும் செம்புப் பின்களைப் பென்சில் ரப்பரால் லேசாகத் துடைத்துவிட்டுப் போடுங்கள். ஆன் ஆனதும் மெசேஜ் பெட்டியைத் திறந்து பாருங்கள். 1100-இல் செய்திகள் போனுக்குள்ளேயே தங்கும், சிம் மாறினாலும் அழியாது. உங்கள் அப்பாவும் அம்மாவும் 2006-இல் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது அங்கே இருக்கலாம். படிப்பதற்கு முன்னால் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.